மெட்டு ஏறாத வாரண்டி

பழைய வண்டி வாங்குகிறவரிடம் கையெழுத்துக்கு நீட்டப்படும் கூடுதல் வாரண்டிப் படிவத்தின் முன்பக்கத்தைப் படிக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. எஞ்சின், கியர்பாக்ஸ், டர்போ, ஸ்டீயரிங் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பார்க்கவே தெம்பாக இருக்கும். பின்பக்கம் திருப்பினால் எழுத்து சிறுத்துவிடும். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் வராது. பிரேக் பேடு, லைனிங், டிரம் வராது. ஷாக் அப்சார்பர், புஷ், பட்டை வராது. டயர், பேட்டரி, ஃபேன் பெல்ட், ரப்பர் ஹோஸ் வராது. எஞ்சின் சூடேறியதால் வந்த சேதம், ஆயில் குறைந்ததால் வந்த சேதம், அளவுக்கு மேல் ஆளோ சுமையோ ஏற்றியதால் வந்த சேதம் வராது. வண்டியை வாடகைக்கு விட்டால் எதுவுமே வராது.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முந்தலில் இருந்து போடிமெட்டுக்கு ஏறிப் பார்க்க வேண்டும். சுமார் 20 கிலோமீட்டர், 17 கொண்டை ஊசி வளைவுகள். வெயில் காயும் போடி சமவெளியில் கிளம்பிய வண்டி, ஒரு மணி நேரத்துக்குள் நாலாயிரம் அடிக்கு மேல் போய் மூடுபனியில் நிற்கும். வளைவில் எதிரே லாரி இறங்கினால் நம் வண்டி பாதி ஏற்றத்தில் நின்றாக வேண்டும். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. இறங்குகிற லாரிக்காரருக்கு அது தெரிந்தாலும் அவர் பிரேக் அதற்கு ஒத்துழைக்க வேண்டுமே. நாம் அரை கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தி, மறுபடி முதல் கியரில் இழுக்கிறோம். நாலு வளைவு தாண்டுவதற்குள் பிளேட் கருகும் வாசனை உள்ளே வந்துவிடும். திரும்பும்போது வேறு கதை. டீசலை மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். புலியூத்துப் பக்கம் வருவதற்குள் டிரம் கொதித்து, பெடல் மெத்தை போல் அமுங்கும். கிளட்ச், பிரேக், பட்டை, புஷ், ஹோஸ் என்று இந்த மலை தின்கிற பொருள்கள் எல்லாமே அந்தப் பின்பக்கப் பட்டியலில் இருப்பவை.

ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையில் ஓடப்போகிற பழைய வண்டிக்குத் தனியாகப் பணம் கட்டிக் கூடுதல் வாரண்டி எடுப்பது பெரும்பாலானவர்களுக்கு வீண் செலவு. விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன்.

போடியிலும் தேனியிலும் பழைய வண்டி என்பது வசதி குறைந்தவர்களின் சரக்கு மட்டும் இல்லை. மேலே கேரளப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று ஏலத்தோட்டம் வைத்திருக்கும் போடிக்காரர் கீழே வீடு, மேலே தோட்டம் என்று வாழ்கிறவர். அவருக்கு வண்டி ஒரு வேலைக் கருவி. காய்க்கு விலை கிடைக்கிற ஆண்டில் வண்டி மாறும். விலை படுத்தால் அதே வண்டி விற்பனைக்கு வரும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ ஏழாயிரம் ரூபாய் வரை போன ஏலக்காய், அடுத்த மூன்று ஆண்டுக்குள் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. விலை ஏறியபோது வாங்கிய பொலிரோ, விலை இறங்கியபோது யாரோ ஒருவருக்கு செகண்ட் ஹேண்ட் ஆகும். இப்படிக் கைமாறும் வண்டிகளில் கேரளப் பதிவு எண்களும் உண்டு. கேஎல் 68 என்றால் தேவிகுளம், கேஎல் 69 என்றால் உடும்பன்சோலை. பிறந்ததிலிருந்து மேடு பள்ளத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத வண்டிகள் அவை. கிலோமீட்டர் மீட்டர் நாற்பதாயிரம் காட்டலாம். அந்த நாற்பதாயிரமும் இரண்டாவது கியரில் ஓடியது என்பதை மீட்டர் காட்டாது.

வாரண்டி விற்கப்படும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். விலை பேசி முடித்து, முன்பணம் கொடுத்து, மனைவிக்குப் போனில் சொல்லியும் ஆன பிறகுதான் அந்தப் படிவம் வெளியே வரும். ஐந்து லட்சம் செலவழித்தவருக்குப் பதினைந்தாயிரம் பெரிதாகத் தெரியாது. “ரோட்ல நின்னுச்சுன்னா என்னண்ணே பண்ணுவீங்க?” என்ற ஒரு கேள்வி போதும். கையில் பணம் இல்லை என்றால் கடனோடு சேர்த்துவிடுவார்கள், மாதம் ஐந்நூறு கூடும், அவ்வளவுதான் என்பார்கள்.

அந்த ஐந்நூறை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரண்டி 15,000 ரூபாய், அதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி 2,700, ஆக 17,700 என்று வைத்துக்கொள்வோம். 14 விழுக்காடு வட்டியில் நான்கு ஆண்டுக் கடனில் இதைச் சேர்த்தால் மாதம் சுமார் 484 ரூபாய். கட்டி முடிக்கும்போது 23,200 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். வாரண்டியோ ஓராண்டில் முடிந்துவிடும். மீதி மூன்று ஆண்டும் இல்லாத வாரண்டிக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பார். அந்த 17,700 ரூபாயைக் கொண்டு போடி ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஜீப்புக்குக் கிளட்ச் வேலையும் பிரேக் வேலையும் பார்த்துவிடலாம். வாரண்டி தராத வேலைகள் இவை.

அமெரிக்காவில் இந்த வியாபாரம் நம்மைவிட மூத்தது, பெரியது. அங்கே கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கார்களுக்குக் கூடுதல் வாரண்டி எடுத்தவர்களில் 55 விழுக்காட்டினர் அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை என்று தெரியவந்தது. அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி, தொலைக்காட்சியில் ஓயாமல் விளம்பரம் செய்துவந்த கார்ஷீல்டு நிறுவனத்தின் மீது, எல்லாப் பழுதையும் பார்ப்பதாகச் சொல்லி மக்களை ஏமாற்றியதாகக் குற்றம் சாட்டியது. 2024 ஜூலையில் அந்த நிறுவனம் ஒரு கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

பயன்படாமல் போவதாலேயே காப்பீடு வீண் என்று சொல்லிவிட முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூன்றாம் நபர் காப்பீட்டை ஆயுள் முழுக்கப் பயன்படுத்தாமல் போனாலே நல்லது. ஆனால் நம்மால் தாங்கவே முடியாத இழப்புக்குத்தான் மற்றவரிடம் பணம் கட்டி வைப்பது முறை. மலையில் ஒருவர் மீது வண்டி ஏறிவிட்டால் தீர்ப்பாயம் சொல்லும் தொகையை ஒரு குடும்பம் தன் கையிலிருந்து கொடுக்க முடியாது. கியர்பாக்ஸ் பழுதானால் வலிக்கும். சீட்டை எடுத்தோ, நகையை வைத்தோ சமாளித்துவிடுவார்கள். தாங்கக்கூடிய செலவுக்கு முன்கூட்டியே பணம் கட்டும்போது அதில் பழுதுச் செலவோடு கமிஷன், நிர்வாகச் செலவு, விளம்பரம், வரி, லாபம் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுகிறோம். இடையில் ஒரு விவரம்: முழுக் காப்பீடு இருக்கிறதே, எஞ்சின் போனால் கிடைக்கும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கிடைக்காது. இயந்திரக் கோளாறும் மின்கோளாறும் வழக்கமான மோட்டார் காப்பீட்டில் விலக்கப்பட்டவை. இந்த இடைவெளியைக் காட்டித்தான் வாரண்டி விற்கிறார்கள், இடைவெளி உண்மைதான்.

பழைய வண்டிச் சந்தையைப் பற்றிப் பொருளாதாரத்தில் புகழ்பெற்ற ஒரு கட்டுரை உண்டு. ஜார்ஜ் அகெர்லாஃப் எழுதியது, 1970-இல் வெளிவந்தது. மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரைதான் பிற்பாடு 2001-இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த பணிக்கு அடித்தளம். விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சேர்த்து ஒரு நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க வரமாட்டார். மட்டமானவை சந்தையில் தங்கும். இதுதான் அவர் சொன்னது. கட்டுரை வெளிவருவதற்கு முன் இந்தியாவில் ஓராண்டு போல இருந்தவர் அவர்; நம் ஊர் அரிசியும் அதில் வருகிறது. அரிசியின் நிறத்திலேயே, வடிவிலேயே கல் கலந்து விற்பதையும், நம் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து பொறுக்குவதையும் தரம் தெரியாத சந்தைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த நோய்க்கு அவர் சொன்ன மருந்துகளில் ஒன்று உத்தரவாதம். நல்ல வண்டி வைத்திருப்பவர் தைரியமாக உத்தரவாதம் கொடுப்பார், அவருக்கு அதனால் நட்டமில்லை. ஓட்டை வண்டி வைத்திருப்பவர் கொடுக்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்தைப் பார்த்தே வாங்குபவர் தெரிந்துகொள்ளலாம். விற்பவர் தன் பொறுப்பில், தன் விலைக்குள் கொடுக்கும் உத்தரவாதம் வண்டியைப் பற்றிய சாட்சி. அதே உத்தரவாதத்தைத் தனி விலை போட்டு, மூன்றாவது ஒரு நிறுவனத்தின் பெயரில் விற்றால் சாட்சி காணாமல் போய்விடுகிறது. கடையில் நிற்கும் நல்ல வண்டிக்கும் மோசமான வண்டிக்கும் ஒரே கட்டணம்தான். பழுது வந்தால் கொடுக்கப்போவது கடைக்காரர் இல்லை. போதாக்குறைக்கு விற்றதற்குக் கமிஷன் வேறு. வண்டியைப் பற்றி அவர் எதுவுமே சொல்லவில்லை, இன்னொரு சரக்கையும் சேர்த்து விற்றிருக்கிறார்.

இது புரியாத ஊரா போடி? நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னேலம் நடக்கும் ஊர். சாம்பிள் காயைக் கையில் எடுத்து, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, உடைத்து மோந்து பார்த்த பிறகே விலையைத் தட்டுகிற வியாபாரிகள் இருக்கும் ஊர். காய்க்குத் தனியாக உத்தரவாதச் சீட்டு விற்க யாராவது வந்தால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். அதே ஆள் வண்டிக் கடைக்குப் போனால், பாலிஷ் போட்ட பானெட்டையும் புது சீட் கவரையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்.

வண்டியையும் மோந்து பார்க்கலாம். போடியில் ஜீப் வேலையே தொழிலாக இருக்கும் மெக்கானிக் ஒருவரோடு வண்டி பார்க்கப் போனால், கிளம்பும்போதே ஒரு நிபந்தனை போடுவார்: “நாம வர்றதா சொல்லிக்கோங்கண்ணே, ஆனா வண்டிய ஸ்டார்ட் பண்ணி வைக்க வேணாம்னு சொல்லிருங்க.” போனதும் முதல் வேலை, பானெட்டைத் திறந்து எஞ்சின் மேல் உள்ளங்கையை வைப்பது. சூடாக இருந்தால் முகம் மாறிவிடும். காலையில் குளிர்ந்த எஞ்சின் எப்படி எடுக்கிறது, எந்த நிறத்தில் புகை விடுகிறது என்பதை மறைக்க, முன்னாலேயே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட்டில் எண்ணெய் மிதக்கிறதா என்று பார்ப்பார். ஸ்டிக்கை உருவி ஆயிலை விரலில் தேய்ப்பார். டீ நிறத்தில் கலங்கி இருந்தால் ஹெட் கேஸ்கெட் போய்த் தண்ணீர் கலந்திருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால், குபுகுபுவென்று புகை அடிக்கக் கூடாது. அடித்தால் ரிங்கும் போரும் தேய்ந்த எஞ்சின், எத்தனை பாலிஷ் போட்டாலும் மெட்டு ஏறாது. மூன்றாவது கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, கிளட்ச்சை மெல்ல விடுவார். எஞ்சின் சட்டென்று நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது.

இதெல்லாம் எங்கேயும் பார்க்கக்கூடியவை. போடியில் இன்னொன்று கூடுதலாகக் கிடைக்கிறது, அதுதான் மலை. முந்தல் தாண்டி ஏழெட்டு வளைவு ஏற்றிவிட்டு, இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க விட்டு இறக்கிக்கொண்டு வருவார். எஞ்சின் பிடிமானத்தில் இறங்கும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் கியர்பாக்ஸ் உள்ளே தேய்ந்திருக்கிறது. சமதளத்தில் இந்தக் குறை லேசில் பிடிபடாது. கடைக்காரர் சுற்றிக் காட்டும் தேனி பைபாஸில் பிடிபடவே படாது. இறங்கும்போது பின்பக்கம் ‘ஊஊ’ என்று ஊளையிட்டால் கிரவுன் பினியன். கீழே வந்ததும் நாலு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்ப்பார். ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அந்தப் பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போகப்போகிறது. இவ்வளவுக்கும் அவர் கேட்பது அரை நாள் கூலி. பதினேழாயிரத்துக்கு வாங்கும் காகிதத்தைவிட இந்த அரை நாளில் வண்டியைப் பற்றி நமக்குத் தெரியவருவது அதிகம். மெட்டு ஏற்றிப் பார்க்கச் சம்மதிக்காத விற்பனையாளரும், சம்மதிக்காததன் மூலம் ஒரு தகவலைச் சொல்லிவிடுகிறார்.

வாரண்டி மிகவும் தேவைப்படுகிறவர்களுக்கு அது கிடைப்பதே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விடிவதற்கு முன் போடி, தேவாரம், கம்பம் பக்கத்துத் தெருக்களில் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறும் ஜீப்புகளில் பல, கமாண்டரும் மேஜரும் மார்ஷலும். வாரண்டி விற்கும் நிறுவனங்களின் வயது வரம்பைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆன வண்டிகள். ஓரளவு புதிய வண்டி என்றாலும் கூலிக்கு ஆள் ஏற்றினால் வாடகைப் பயன்பாடு என்று சொல்லிக் கைவிரித்துவிடுவார்கள். சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான வண்டியில் இப்படி ஏற்றினால் வாரண்டி போவது சின்ன விஷயம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமே கையை விரிக்கும். ஏறிப் போகிற பெண்களின் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். இந்த ஜீப்புகளைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி அபராதம் போடுவதோடு பிரச்சினை முடிந்துவிட்டதாக இரு மாநில அதிகாரிகளும் நினைக்கிறார்கள். அதை வேறொரு கட்டுரையில்தான் பேச வேண்டும்.

ஜீப்பைத் தானே ஓட்டிப் பிழைக்கிறவர், நமக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது, நாம் வியாபாரம் செய்கிறவர்கள் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார். அது தவறு. கோவையின் பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் சம்பந்தப்பட்ட லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. வாழ்க்கைப் பிழைப்புக்காக ஒரு வண்டியை வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போய்விடாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இந்த விளக்கத்தை வைத்திருக்கிறது.

இனி விதிவிலக்கு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகள் இப்போது பழைய வண்டிச் சந்தைக்கு நிறைய வருகின்றன. பழைய மேஜர் ஜீப்பை ஸ்பேனரும் அனுபவமும் இருந்தால் சாலையோரத்திலேயே பிரித்து மாட்டிவிடலாம். இவற்றை ஸ்கேனர் இல்லாமல் தொட முடியாது. உயர் அழுத்த இன்ஜெக்டர், டர்போ, ஈசியு, புகையை வடிகட்டும் டிபிஎஃப் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகவே பெரிய தொகை கேட்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். இப்படிப்பட்ட வண்டியை, சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும், கம்பெனி சர்வீஸில் தவறாமல் விட்டு ஓட்டப்போகிற ஆசிரியருக்கோ வங்கி ஊழியருக்கோ வாரண்டி பயன்படலாம். அதிலும் வண்டியைத் தயாரித்த நிறுவனமே தரும் வாரண்டியாக இருக்க வேண்டும். மாருதி 2024 ஜூலை முதல் புது வண்டிக்கு மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் வாரண்டி தருகிறது. அதற்கு முன்பு இரண்டு ஆண்டு, நாற்பதாயிரம் கிலோமீட்டர். இரண்டு ஆண்டு ஓடிய வண்டியை வாங்கினால் மீதியுள்ள காலம் பெரும்பாலும் வண்டியோடேயே வரும். முதல் உரிமையாளர் கூடுதல் வாரண்டி எடுத்திருந்தால் அதைப் பெயர் மாற்றி வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்க வேண்டும். இதற்கு ஆகும் கட்டணம் சொற்பம். பெயர் மாற்றாமல் விட்டுவிட்டு, பழுது வந்த பிறகு போய் நின்றால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

மூன்றாவது நிறுவனத்தின் வாரண்டி என்றால் சில கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பணம் கொடுக்கப்போவது யார், பின்னால் காப்பீட்டு நிறுவனம் இருக்கிறதா? ஒரு பழுதுக்கு அதிகபட்சம் எவ்வளவு? எத்தனை நாள் கழித்து நடைமுறைக்கு வரும்? விலக்கப்பட்ட ஒரு பொருளால் சேர்க்கப்பட்ட பொருள் கெட்டால் என்ன ஆகும்? இந்தக் கடைசிக் கேள்வி மலைக்காரர்களுக்கு முக்கியம். ஏற்றத்தில் ஹோஸ் வெடிக்கிறது. கூலன்ட் கொட்டுகிறது. அடுத்த வளைவில் ஒதுங்க இடம் தேடி ஓட்டுவதற்குள் ஹெட் வளைந்துவிடுகிறது. ஹெட் பட்டியலில் உண்டு, ஹோஸ் கிடையாது. சூடேறிய பிறகும் ஓட்டினீர்கள் என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். ஒதுங்க இடமில்லாத சாலையில் வண்டியை நடுவளைவில் நிறுத்தியிருக்க வேண்டுமாம். இதைப் போன்ற நிபந்தனைகளை எழுதியவர் மேட்டுச் சாலையில் வண்டி ஓட்டியதில்லை என்று நினைக்கிறேன். அல்லது நன்றாக ஓட்டியவர்.

அரசு என்ன செய்யலாம்? பழைய வண்டி வியாபாரத்தை ஒழுங்குபடுத்த மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. வியாபாரி பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். வண்டியை எடுத்துக்கொண்டதை இணையவழியில் தெரிவிக்க வேண்டும். தன்னிடம் இருக்கும் காலத்தில் வண்டிக்கு அவரே பொறுப்பு. எங்கே ஓட்டினார் என்று பதிவேடு வைக்க வேண்டும். நல்ல விதிகள். ஆர்சி யார் பெயரில் இருக்கிறது என்ற தலைவலி இதனால் குறையும். வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பற்றி அந்த விதிகள் வாய் திறக்கவில்லை. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், பழைய வண்டி வியாபாரியின் லாபத்தின் மீதான வரியை எல்லா வகை வண்டிக்கும் 18 விழுக்காடாக ஒன்றாக்கியது. லாபத்தைக் கணக்குப் பார்த்து வரி வாங்கத் தெரிந்த அரசுக்கு, அந்த வண்டியின் குறையை எழுதி ஒட்டச் சொல்லத் தெரியாதா?

அமெரிக்காவில் 1985 முதல், வியாபாரி விற்கும் ஒவ்வொரு பழைய காரின் கண்ணாடியிலும் ஒரு தாள் ஒட்டியிருக்க வேண்டும். வாரண்டி உண்டா, இருக்கும் நிலையிலேயே விற்கிறோமா, உண்டென்றால் பழுதுச் செலவில் எத்தனை விழுக்காடு யார் பொறுப்பு என்று அதில் இருக்கும். சிங்கப்பூர் இன்னும் மேலே போனது. அங்கே 2012 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும்; இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர் பொறுப்பு. பழைய கார்களுக்கும் அது பொருந்தும். பழைய வண்டி என்பதால் வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்துப் பார்ப்பார்கள், அது நியாயமும்கூட. நம் மோட்டார் வாகன விதியில் ஏற்கெனவே அங்கீகாரம் பெறும் வியாபாரி இருக்கிறார், படிவங்கள் இருக்கின்றன, இணையதளம் இருக்கிறது. இன்னும் ஒரு தாள் சேர்ப்பதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை.

வாரண்டி நிபந்தனையே நியாயமற்றது என்று வாதாட வேண்டியவருக்கு இன்னொரு சிக்கல். நியாயமற்ற ஒப்பந்தம் என்ற பிரிவு 2019 சட்டத்தில் புதிதாக வந்தது. வரவேற்கத்தக்கது. ஆனால் அதை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இல்லை; மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். பதினேழாயிரம் ரூபாய் வாரண்டிக்காக ஒரு ஜீப் டிரைவர் மதுரை அமர்வுக்கோ சென்னைக்கோ அலைவாரா? சிறு தொகை ஒப்பந்தங்களையாவது மாவட்ட ஆணையமே விசாரிக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும்.

அதுவரை வாங்குகிறவர் கையில் இருப்பது டெலிவரி நோட். வண்டி இன்ன தேதி, இன்ன நேரத்தில் கைமாறியது, அதற்கு மேல் வருவதற்கு வாங்கியவர் பொறுப்பு என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடும் அந்தத் தாளில், வழக்கமாக வாங்குபவருக்குச் சாதகமாக ஒரு வரியும் இருக்காது. இரண்டு வரி சேர்க்கச் சொல்ல வேண்டும். மீட்டர் திருத்தப்படவில்லை என்பது ஒன்று. எஞ்சின், கியர்பாக்ஸ், ரியர் ஆக்ஸிலுக்கு மூன்று மாதம் அல்லது மூவாயிரம் கிலோமீட்டர் வரை நான் பொறுப்பு என்பது இரண்டாவது. “அதெல்லாம் வழக்கமில்லைண்ணே, வேணும்னா வாரண்டி எடுத்துக்கங்க” என்று பதில் வந்தால், வாரண்டிக் கட்டணத்தை வண்டி விலையில் கழித்துக்கொள்ளுங்கள் என்று பேரம் பேசலாம். அதற்கும் மறுத்தால் அடுத்த கடை. விற்பவர் வியாபாரியாக இல்லாமல் பக்கத்துத் தெருக்காரராக இருந்தால் நுகர்வோர் ஆணையம் உதவாது, உரிமையியல் நீதிமன்றம்தான். அப்போது அந்த இரண்டு வரி இன்னும் முக்கியம். வியாபாரியிடம் வாங்கியது என்றால், வண்டி எங்கே வாங்கப்பட்டிருந்தாலும் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, போடிக்காரர் என்றால் தேனி மாவட்ட ஆணையத்திலேயே, புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பழுது தெரியவந்ததிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. டெலிவரி நோட்டின் அசலையும், மெக்கானிக் எழுதிக் கொடுத்த பில்லையும், கழற்றிய பழைய பாகத்தையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடக் கூடாது.